விசா முதலா, உரிமம் முதலா?

வெளிநாட்டில் தொழில் செய்ய எண்ணும் இந்தியர்களும், ஏற்கெனவே அங்கே சென்று அடுத்து எங்கே என்று யோசிப்பவர்களும் பெரும்பாலும் நாடுகளை ஒப்பிடுகிறார்கள். கனடாவா ஆஸ்திரேலியாவா, அமெரிக்காவிலேயே காத்திருப்பதா, நாற்பது வயதில் ஜெர்மன் மொழியைப் படிப்பதா என்று அந்தப் பேச்சு நீளும். அதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு நாட்டில் தங்குவதற்கான உரிமையை ஓர் அலுவலகம் தருகிறது. படித்த தொழிலை அங்கே செய்வதற்கான உரிமையை முற்றிலும் வேறோர் அலுவலகம் தருகிறது. குடிவரவுத் துறை உங்கள் பட்டத்தைப் புள்ளிக்கணக்காக மட்டுமே பார்க்கும். தொழில் கவுன்சிலுக்கோ உங்கள் விசா எந்த மாதம் முடிகிறது என்பதில் சிறிதும் அக்கறை இல்லை. இவ்விரண்டில் எதை முதலில் கையில் வாங்குவது என்பதை வைத்துத்தான் எந்த நாடு என்பதையே தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மென்பொருள் துறையினருக்கு இந்த இரண்டாவது அலுவலகம் இல்லவே இல்லை. இங்கே பேசப்போகும் எந்த நாடும் நிரல் எழுதுவதற்கு உரிமம் கேட்பதில்லை. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் உரிமம் இல்லாமல் வேலையே இல்லை. இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவில் சிவில், மின், இயந்திரப் பொறியாளர்கள், கட்டடக் கலைஞர்கள், கணக்காளர்கள் ஆகியோர் நிற்கிறார்கள். அதிகம் ஏமாறுகிறவர்கள் இவர்கள்தான். வேலையில் சேர உரிமம் கட்டாயமில்லை என்று இவர்களிடம் சொல்லப்படும், அது உண்மையும்கூட. ஆனால் வரைபடத்தில் கையெழுத்திடுவது போல, உரிமம் இல்லாமல் ஏற முடியாத படி ஒன்று மேலே இருந்துகொண்டே இருக்கும்.

முதலில் மென்பொருள் துறையினரை எடுத்துக்கொள்வோம். தங்கும் உரிமை எவ்வளவு உறுதியானது என்பது மட்டுமே இவர்களுக்கான அளவுகோல். அமெரிக்காவின் எச்-1பி என்ற வேலை விசாவுக்கு ஆண்டு உச்சவரம்பு 65,000. அமெரிக்காவில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000. முதலில் மூன்று ஆண்டு, நீட்டிப்புடன் ஆறு ஆண்டு. வேலை போனால் புதிய நிறுவனத்தைக் கண்டுபிடிக்க 60 நாள் அவகாசம். நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காக நிறுவனங்கள் போடும் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு 2025 செப்டம்பரில் வந்தபின், இந்தியாவில் இருந்துகொண்டு இந்த வழியை நம்புவது கடினமாகிவிட்டது.

ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் சிக்கல் விசாவில் இல்லை, அதற்கடுத்த கட்டத்தில் இருக்கிறது. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு, அதாவது நிரந்தரக் குடியிருப்பு, ஆண்டுக்குச் சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது. எச்-1பி ஒப்புதல்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு இந்தியர்களுக்குப் போகும்போது, ஏழு சதவீத வாசல் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2025 இறுதியில், இ.பி.-2 (உயர்பட்டம் பெற்றவர்கள்), இ.பி.-3 (பட்டதாரிகள், திறன் பணியாளர்கள்) ஆகிய இரு கிரீன் கார்டு பிரிவுகளிலும் 2013ஆம் ஆண்டு வரிசையில் சேர்ந்த இந்தியர்களுக்குத்தான் முறை வந்துகொண்டிருந்தது. இங்கே பலர் கவனிக்கத் தவறுவது, கணக்கில் வருவது குடியுரிமை அல்ல, பிறந்த நாடு என்பதுதான். கனடியக் குடியுரிமை பெற்றாலும் திருச்சியில் பிறந்தவர் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். பெற்றோர் வேலை பார்த்த குவைத்தில் பிறந்தவரோ, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், அந்த வரிசைக்கு வெளியே நிற்கிறார். கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டின் கணக்கில் இருவருமே விண்ணப்பிக்கலாம். திருமணத்துக்கு ஜாதகம் பார்க்கும் சமூகத்தில் பிறந்த ஊரை இந்தக் காரணத்துக்காகவும் விசாரிக்கும் காலம் வந்திருக்கிறது.

இந்தக் காத்திருப்புக்கு மாற்றாகக் கனடாவைச் சொல்கிறார்கள். ஆனால் இவை இரண்டும் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டியவை அல்ல. உங்களுக்குக் கிரீன் கார்டு கேட்டு நிறுவனம் போட்ட ஐ-140 மனு ஒப்புதலாகிவிட்டால், வரிசையில் உங்களுக்குக் கிடைத்த தேதி பொதுவாக உங்களுடையது. வேலை மாறினாலும், நாட்டை விட்டே போனாலும், பின்னாளில் வேறொரு நிறுவனம் மனுப் போடும்போது அதே தேதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பேருந்து இருக்கையில் துண்டு போட்டுவைப்பது போன்றதுதான் இது. ஆகவே ஐ-140 ஒப்புதல் வரும்வரை அசையாமல் இருப்பதில் பொருள் இருக்கிறது; வந்தபின் அசையாமல் இருப்பதற்கு வேறு காரணம் வேண்டும். சம்பளம் அத்தகைய காரணமாக இருக்கலாம். ஐ-140 இருந்தால் எச்-1பி விசாவை ஆறு ஆண்டுக்கு மேலும் நீட்டிக்க முடிவதும், மனைவி அல்லது கணவர் எச்-4 என்ற சார்ந்திருப்போர் நிலையில் வேலை செய்ய 2015 முதல் அனுமதி இருப்பதும் காரணமாக இருக்கலாம். ஆனால் பிள்ளைகளுக்கு 21 வயது ஆகும்போது பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து வெளியேற நேரிடும் என்பதை அந்தக் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும். ஐந்து வயதில் அழைத்துச் சென்ற பிள்ளைக்குப் பதினாறு ஆண்டுதான் அவகாசம்.

கனடாவிலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, வேறு திசையில். நிரந்தரக் குடியிருப்புக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளிமுறையில் வயதுக்கான முழுப் புள்ளிகள் 20 முதல் 29 வயதுவரைதான். முப்பதிலிருந்து ஆண்டுதோறும் குறைந்து 45இல் சுழியமாகிவிடும். வேலை வாய்ப்புக் கடிதத்துக்குத் தரப்பட்ட கூடுதல் புள்ளிகளையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் காத்துப் பார்த்துவிட்டு நாற்பதில் கனடாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பவர், இரண்டு வரிசையிலும் கடைசி ஆளாக நிற்கத் திட்டமிடுகிறார் என்றுதான் பொருள். நிரந்தரக் குடியிருப்பு கிடைத்தபின் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அமெரிக்க வேலையைத் தொடரலாம் என்ற எண்ணமும் நீண்ட நாள் ஓடாது. ஐந்து ஆண்டில் 730 நாளாவது கனடாவில் இருந்தாக வேண்டும். குடியுரிமைக்கு அதே ஐந்து ஆண்டில் 1,095 நாள். குடியுரிமை பெற்றவர், கனடா, மெக்சிகோ குடிமக்களுக்கான, உச்சவரம்பு இல்லாத டி.என். விசாவில் அமெரிக்காவில் வேலைக்குச் செல்ல முடியும். பொறியாளர்களும் செவிலியர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு மாற வேண்டியிருக்கும். இதைக் காகித வேலையாக மட்டும் பார்ப்பவர்களும் உண்டு, பார்க்க முடியாதவர்களும் உண்டு. இதில் பிறர் அறிவுரைக்கு வேலையில்லை.

நடுப்பகுதியினருக்கு வருவோம். கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் ஒரே தராசில் வைப்பது வழக்கம். இரண்டிலும் புள்ளிமுறை, இரண்டிலும் நிறுவனத்தைச் சாராத நிரந்தரக் குடியிருப்பு. ஆனால் ஒரு பொறியாளருக்கு அவை நேர் எதிரான நாடுகள். ஆஸ்திரேலியா வாசலிலேயே நிறுத்தி, நீ உண்மையிலேயே பொறியாளரா என்று கேட்டு, ஆம் என்ற பதிலைப் பெற்ற பிறகே விண்ணப்பத்தைத் தொடுகிறது. கனடா கதவைத் திறந்து உள்ளே வரச் சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்காரவைக்கிறது. கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

கனடாவுக்கு விண்ணப்பிக்கும்போது டபிள்யூ.இ.எஸ். போன்ற அமைப்பு ஒன்றிடமிருந்து கல்விச் சான்று மதிப்பீடு வாங்குகிறோம். உங்கள் பி.இ. கனடாவின் இளங்கலைப் பட்டத்துக்கு இணையானது என்று அந்தக் காகிதம் சொல்கிறது. இதையே தொழில் அங்கீகாரம் என்று நினைத்து விமானம் ஏறுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அல்லர். அது குடிவரவுத் துறைக்கான காகிதம் மட்டுமே. உரிமம் தருவது மாகாணத்தின் பொறியாளர் சங்கம். அதற்கு வேறு விண்ணப்பம், வேறு கட்டணம், வேறு பாடத்திட்டச் சரிபார்ப்பு. ஒண்டாரியோவில் கல்வித் தகுதி உறுதிசெய்யப்பட வேண்டும். அதற்காகத் தொழில்நுட்பத் தேர்வுகளும் கேட்கப்படலாம். தொழில் நெறி குறித்த தேர்வு ஒன்று உண்டு. 48 மாத அனுபவத்தைத் திறன்வாரியாக எழுதிக் காட்டவும் வேண்டும். ஓர் ஆண்டாவது கனடாவில் வேலை செய்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை ஒண்டாரியோ சங்கம் 2023இல் நீக்கியது பெரிய விடுதலை. வேலை கிடைக்க உள்ளூர் அனுபவம், உள்ளூர் அனுபவம் கிடைக்க வேலை என்ற சுழலில் பலருடைய நல்ல ஆண்டுகள் கரைந்திருக்கின்றன. விதி போனாலும் வேலை கொடுப்பவரின் மனத்திலிருந்து அது போய்விடவில்லை.

உரிமம் இல்லாமல் பொறியாளர் என்ற பட்டப்பெயரைப் போட்டுக்கொள்வதே கனடிய மாகாணங்களில் சட்டமீறல் ஆகலாம் என்பதும் நம்மவர்களுக்கு வியப்பாக இருக்கும். மென்பொருள் துறையினர் அப்பெயரைப் பயன்படுத்தலாம் என்று ஆல்பர்ட்டா 2023இல் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவில் திறன் மதிப்பீட்டைச் செய்வது எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா என்ற தொழில்சார் அமைப்பு. இந்தியா 2014 ஜூனில், பொறியியல் பட்டங்களை உறுப்பு நாடுகள் ஒன்றையொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தின் நிரந்தர உறுப்பினரானது. ஆகவே நமது பட்டத்துக்கு நேரடி ஏற்பு உண்டு என்று கல்லூரி விளம்பரங்கள் சொல்லும். அது பாதி உண்மை. தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவில், அந்த அங்கீகாரம் நடப்பில் இருந்த காலத்தில் படித்து முடித்தவருக்கே அது பொருந்தும். பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற, தன்னாட்சி இல்லாத கல்லூரிகள் இரண்டாம் அடுக்கில் வருகின்றன. அவை ஒப்பந்தத்துக்கு வெளியே. தமிழ்நாட்டின் பொறியியல் பட்டதாரிகளில் பெரும்பகுதியினர் இந்த வகைதான். அவர்கள் திறன் விளக்க அறிக்கை ஒன்றை எழுத வேண்டும்: தாங்களே செய்த மூன்று பணிகளைப் பற்றிய விரிவான விவரிப்பு, ஒவ்வொன்றிலும் தங்கள் பங்கு என்ன என்பதற்கான விளக்கம், அவற்றைத் திறன்களோடு பொருத்திக் காட்டும் சுருக்கம். குழுவாகச் செய்தோம் என்று எழுதிப் பழகியவர்களுக்கு நான் செய்தேன் என்று எழுதுவது கடினமாக இருக்கும். காசு கொடுத்து எழுதி வாங்கினால் நகல் கண்டுபிடிக்கப்பட்டு விண்ணப்பமே தடைபடும். இதில் குறுக்குவழி இல்லை.

அதைக் கடந்து 65 புள்ளி என்ற குறைந்தபட்ச வரம்பையும் தாண்டி, 45 வயதுக்குள் அழைப்பு வந்தால், இறங்கும்போதே உங்கள் தொழிலை உங்கள் துறை அமைப்பு ஏற்றுக்கொண்ட நிலையில் இறங்குகிறீர்கள். குயின்ஸ்லாந்து, விக்டோரியா போன்ற மாநிலங்களில் தனிப் பதிவு தேவைப்பட்டாலும் அது ஏற்கெனவே தொடங்கிய பயணத்தின் அடுத்த நிறுத்தமே. ஆகவே சிவில் அல்லது மின்துறைப் பொறியாளர் ஒருவர் என்னிடம் கேட்டால், புள்ளிகள் அனுமதிக்குமானால் ஆஸ்திரேலியாவை முன்னால் வைப்பேன். கனடாதான் என்று முடிவு செய்பவருக்குச் சொல்வது ஒன்றுதான்: நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பித்த அன்றே, இந்தியாவில் இருக்கும்போதே, போகும் மாகாணத்தின் சங்கத்திலும் கோப்பைத் திறந்துவிடுங்கள். பழைய மேலாளர்கள் இன்னும் அதே நிறுவனத்தில் இருக்கும்போது அனுபவக் கடிதம் வாங்குவது எளிது. மூன்று ஆண்டு கழித்து டொராண்டோவிலிருந்து மின்னஞ்சல் அனுப்பினால், பதில் எழுத வேண்டியவர் ஓய்வு பெற்றிருப்பார்.

செவிலியர்களின் ஒப்பீடு வேறு வகையானது. உரிமம் முதலில் என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. எந்த உரிமம் எந்த விசாவைச் சீக்கிரம் கொண்டுவரும் என்பதுதான் கேள்வி. அமெரிக்கச் செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம், சம்பளமும் மிக அதிகம். ஆனால் மருத்துவமனை மனுப் போட்டதும் அவர் சேர்வது அதே இ.பி.-3 இந்திய வரிசை. எச்-1பி பெரும்பாலான செவிலியர் பணிகளுக்குப் பொருந்தாது என்பதால் அங்கே வேலை செய்துகொண்டே காத்திருக்கவும் முடியாது. தேர்வில் வென்று பத்தாண்டுக்கும் மேல் காத்திருக்கும் இந்த வழியை இருபத்தைந்து வயதுச் செவிலியருக்கு ஒரே வழியாகப் பரிந்துரைப்பது நியாயமாகாது. இங்கிலாந்தில் கணினித் தேர்வை ஊரிலேயே முடித்து, ஆங்கிலத் தேர்வான ஐ.ஈ.எல்.டி.எஸ்.இல் எழுத்துக்கு 6.5, மற்றவற்றுக்கு 7 எடுத்து, வேலையோடு விசா வாங்கிச் சென்று, செய்முறைத் தேர்வை அங்கே எழுதுகிறார்கள். அந்த விசாவுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணத்திலிருந்து விலக்கும் உண்டு. ஐந்து ஆண்டில் நிரந்தரக் குடியிருப்பு என்பதுதான் இங்கிலாந்தின் பெரிய ஈர்ப்பாக இருந்தது. அதைப் பத்தாக நீட்டும் முன்மொழிவு 2025 மே வெள்ளை அறிக்கையில் வந்துவிட்டதால், ஐந்து என்ற எண்ணை வைத்து வீட்டுக் கடனையோ பிள்ளைகளின் படிப்பையோ திட்டமிடக் கூடாது.

ஜெர்மனி மொழியைக் கேட்கிறது. பி-2 என்ற உயர் இடைநிலைவரை படிக்க முழுநேர உழைப்பு வேண்டும். ஆனால் குறை இருந்தால் என்ன குறை என்று எழுத்தில் தருகிறார்கள், அந்தக் குறையை அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு தீர்க்க விசாவும் தருகிறார்கள். தங்கும் உரிமையும் தொழில் உரிமையும் கைகோத்து நடப்பதில் மற்ற நாடுகளைவிட இது மேல். வளைகுடாவில் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சான்றிதழ்ச் சரிபார்ப்பும் துறைத் தேர்வும் முடிந்தால் சில மாதங்களில் பணி கிடைக்கும். நிரந்தரமாகத் தங்க இடமில்லை. கடன் அடைக்க வேண்டியவருக்கு அது குறையே அல்ல. முகவர் கட்டணத்தில் மட்டும் விழிப்பு வேண்டும்: இந்திய விதிப்படி பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியர்களை அனுப்புகிறது.

மருத்துவர்களுக்கு அமெரிக்கா, இங்கிலாந்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வயதைப் பொறுத்தது என்று நினைக்கிறேன். எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு இருப்பவருக்கு அமெரிக்கத் தேர்வுகளும் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சியும் நீண்ட, ஆனால் வடிவம் தெளிவான பாதை. இந்தியாவில் எம்.டி. முடித்துப் பத்தாண்டு நோயாளிகளைப் பார்த்தவரும் அதே ரெசிடென்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்பதுதான் பொதுவான நிலை. 2023இல் டென்னசி போன்ற சில மாநிலங்கள் தளர்த்தத் தொடங்கினாலும், சிறப்புத்துறைச் சான்று வாரியங்கள் பெரும்பாலும் தளரவில்லை. ஜே-1 என்ற பரிமாற்றப் பயிற்சி விசாவில் ரெசிடென்சி செய்தவர் இரண்டு ஆண்டு தாய்நாடு திரும்ப வேண்டும், அல்லது மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர் என்ற விலக்கைப் பெற்று மருத்துவர் குறைந்த பகுதியில் மூன்று ஆண்டு பணிபுரிய வேண்டும். அந்த மூன்று ஆண்டின் முடிவில் இந்தியாவில் பிறந்தவருக்குக் காத்திருப்பது மேலே சொன்ன வரிசைதான்.

எம்.டி. முடித்த பொதுமருத்துவருக்கு இங்கிலாந்தின் எம்.ஆர்.சி.பி. என்ற முதுநிலைப் பொதுமருத்துவத் தேர்வு இரட்டைப் பயன் தருகிறது: அதைக் கொண்டு, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வு இல்லாமலே மருத்துவக் கவுன்சிலில் பதியலாம், இந்தியாவிலேயே இருக்க முடிவு செய்தாலும் அது வீணாகாது. பிளாப் வழி மலிவாகத் தெரிந்தாலும், இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர்வரை சென்று தேறியபின் வேலை கிடைக்கும் என்ற உறுதி இன்று இல்லை. பயிற்சிப் பணிகளில் உள்நாட்டில் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று 2025 ஜூலையில் வெளியான பத்தாண்டுச் சுகாதாரத் திட்டமே அறிவித்துவிட்டது. கையில் உரிமம், வேலை இல்லாததால் விசா இல்லை என்ற நிலை, விசா இருந்து உரிமம் இல்லாத கனடிய நிலையைவிடக் கொடியது. திண்ணையாவது அங்கே இருந்தது.

எந்த வழியாக இருந்தாலும் காகிதங்களுக்கு ஆயுள் உண்டு. ஐ.ஈ.எல்.டி.எஸ். மதிப்பெண் பொதுவாக இரண்டு ஆண்டு, கனடாவின் கல்வி மதிப்பீடு ஐந்து ஆண்டு. ஆகவே நீண்ட ஆயுள் உள்ளதை முன்னும் குறுகிய ஆயுள் உள்ளதைப் பின்னும் வாங்குவது நல்லது. பலர் உற்சாகத்தில் மொழித் தேர்வை முதலில் எழுதிவிட்டு, பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் விவரம் வருவதற்குள் அதைக் காலாவதியாக விடுகிறார்கள்.

அதற்கும் முன்னால் தமிழர்களுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றில் தலைப்பெழுத்து முன்னால், பட்டத்தில் பின்னால், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாகக் குடும்பப்பெயர்க் கட்டத்தில், திருமணத்துக்குப் பின் கணவர் பெயர் என்று ஒரே ஆள் நான்கு பெயரில் இருப்பது நமக்கு இயல்பு. சரிபார்க்கும் அமைப்புக்கு அவர்கள் நான்கு பேர். முதலில் விண்ணப்பிக்கும் அமைப்பிடம் எந்தப் பெயர் பதிவாகிறதோ அதைத்தான் அடுத்து வரும் கவுன்சிலும் தூதரகமும் எதிர்பார்க்கும். எனவே பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் விவரம் கேட்டுப் பணம் கட்டுவதற்கு முன்பே, பாஸ்போர்ட்டில் உள்ள வடிவத்தை இறுதியாக வைத்துக்கொண்டு, மற்றவை அனைத்தும் அதே ஆளைத்தான் குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கிவைத்துவிட வேண்டும்.